சமையல்கட்டில் பறை காய்ச்சிய கதை

போன மாதம் கார்த்தி போன் செய்தான். நான் ஓய்வு பெறும்போது எனக்குக் கீழே சிறைக் காவலராக இருந்தவன். இப்போது வேறொரு சிறையில் வேலை பார்க்கிறான்.

“சீஃப் ஐயா, நல்லாருக்கீங்களா? இங்க ஒரு உத்தரவு வந்துருக்குதுங்க. கைதிங்களுக்கு வாரா வாரம் பாட்டு, மேளமெல்லாம் கத்துக்குடுத்து கச்சேரி வைக்கணுமாம். நான் அங்க வர்றதுக்கு முன்னாடியே நீங்க நடத்துனீங்கன்னு சொன்னாங்க. எப்டி ஐயா நடத்துனீங்க?”

“தலையில அடிச்சிக்கிட்டே நடத்துனேன்” என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. சரி, எழுதியே கொடுத்துவிடுவோம், அவனும் அவனுக்குப் பின்னால் வருகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்தேன்.

‘சீஃப்’ என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். முதன்மைத் தலைமைக் காவலர். அதிகாரியும் இல்லை, வெறும் காவலரும் இல்லை. மேலே இருப்பவர் வாய்க்குள் முனகியதைக் கீழே இருப்பவர்களைக் கொண்டு செய்து முடித்து, ஏதாவது கோளாறு என்றால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் ஓடினோம், மதியம் சட்டம் படித்தோம், மாலையில் மறுபடி ஓடினோம். பிறகு வேலூர்ப் பக்கம், சேலம் பக்கம் என்று பெரிய சிறைகளில் பல வருடம். கடைசியாகத்தான் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரு கிளைச்சிறைக்கு வந்தேன். எந்தச் சிறை என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

கிளைச்சிறை என்பது சின்ன இடம். பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். எங்களிடம் இருந்தவர்களில் பாதிப் பேர் நெடுஞ்சாலையில் பிடிபட்டவர்கள். லாரி ஓட்டுநர்கள், கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள், கர்நாடக எல்லை தாண்டி மாலூர், ஆனேக்கல் பக்கமிருந்து வந்தவர்கள். ஒரே அறையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓடும். சண்டை மட்டும் மூன்று மொழிக்கும் பொதுவாக நடக்கும். மதிலுக்கு வெளியே சாலை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். சிறை வாசலுக்கு எதிரே ஒரு வேகத்தடை இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே முக்கி முனகி ஏறி இறங்கும். உள்ளே கடிகாரமே தேவையில்லை. பஸ் சத்தத்தை வைத்தே எந்த ஷிப்ட் என்று கைதிகள் சொல்லிவிடுவார்கள்.

வாசலில் இரண்டு கதவு. வெளிக்கதவைப் பூட்டிய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. நடுவில் உள்ள இடத்தில் ஆளையும் பொருளையும் சோதனை போடுவோம். எங்கள் வாயிற்காவலர் ரஃபீக் இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதக்காரர். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாத எதையும் விடமாட்டார். ஒருமுறை மேலதிகாரியின் டிபன் கேரியரையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துவிட்டார். ரசம் கொட்டியதுதான் மிச்சம்.

எங்கள் கண்காணிப்பாளர் தங்கவேல் ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கோபப்படமாட்டார், குரல் உயர்த்தமாட்டார், தன்னைவிட மூத்தவன் என்று தெரிந்தும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து ஓர் உத்தரவு வந்து நான் கேட்டதில்லை. எல்லாமே கேள்விதான். “கழிப்பறை கழுவலாமில்ல, தம்பி?” “அந்த ஆளை வேற ரூமுக்கு மாத்தினா நல்லாருக்குமில்ல?” நாம் செய்துவிடுவோம். சரியாக வந்தால் அவர் சொல்லிச் செய்தது. தவறாகிப் போனால், “நான் கேட்கத்தானே செஞ்சேன்?” என்பார். கையெழுத்துப் போடும் முன் பேனாவை இடது கட்டைவிரல் நகத்தில் கிறுக்கிப் பார்ப்பார். பிறகு எழுதியதைப் படிப்பார். பிறகு மறுபடி நகத்தில் கிறுக்குவார். அதற்குள் நமக்குத் தாடி வளர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், “நம்மகிட்டயும் ஒரு இசைக்குழு இருக்கலாமில்ல, தம்பி?” என்று கேட்டார். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வரப்போகிறார். அவருக்குக் கைதிகளின் கலைத் திறமை என்றால் உயிராம்.

ஊரில் ஒரு நற்பணி மன்றத்தார் ஆர்மோனியம், டோலக், கிடார் என்று மூன்றும் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோ முடிந்தது. ரஃபீக் கிடாரைப் பார்த்தார். “இதுல இருக்கறது கம்பி. கம்பி உள்ள போவக் கூடாது.” டோலக்கைத் தட்டினார். “ரெண்டு பக்கமும் மூடிக் கெடக்குது. உள்ள என்னா இருக்குதுன்னு எனக்கெப்டிங்க தெரியும்? கிழிச்சிப் பாக்கட்டுமா?” ஆர்மோனியத்தை விசிறி விசிறிப் பார்த்துவிட்டு, அதன் வயிற்றையும் சந்தேகப்பட்டார். சட்டப்படி அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. சரியாகப் பேசுகிற ஆளிடம் கோபப்படவும் முடியாமல் நின்ற அவஸ்தை இருக்கிறதே! மூன்று வாத்தியமும் வாசல் அறையிலேயே தங்கிவிட்டன. பூனை ஒன்று ஆர்மோனியத்தின் மேல் படுத்துப் பழகிக்கொண்டது.

அப்போதுதான் மாதேஷ் வந்து பேசினான். பாரூர்ப் பக்கத்துக்காரன். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடியில் உள்ளே வந்தவன். யாரோ அடித்தார்கள், யாருக்கோ கை முறிந்தது, இவன் பெயரும் சேர்ந்துகொண்டது. திருவிழா என்றால் பறையோடு முதல் ஆளாக நிற்பவன்.

“ஐயா, பறைக்கு ஒரு பக்கந்தான் தோலு. பின்னாடி தெறந்து கெடக்கும். ரஃபீக் சாரு தலைய உள்ள வுட்டுக்கூட பாத்துக்கலாம்.”

யோசித்துப் பார்த்தால் உலகத்திலேயே சிறை விதிகளுக்கு முழுக்கக் கட்டுப்பட்ட வாத்தியம் அதுதான். நான் கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் மூக்கைச் சுளித்தார். “சாவுக்கு அடிக்கறதுதானே அது?”

மாதேஷ் என் பின்னால் நின்றிருந்தான். “ஐயா, போன தடவ அடிச்சது ஒரு மந்திரி வரவேற்புக்குங்க” என்றான். மந்திரி என்ற சொல் வந்ததும் அவருடைய மூக்கு சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. மனுஷன் கையில் இருக்கும் வித்தையை இப்படி ஒரு வார்த்தையில் மட்டம் தட்டிவிட்டு, அடுத்த வார்த்தையில் ஏற்றுக்கொள்கிறார்களே என்று.

அடுத்த முறை மாதேஷைப் பார்க்க வந்தபோது அவன் மனைவி மஞ்சுளா பறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ரஃபீக் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார், மரச் சட்டத்தைத் தடவினார், இரண்டு குச்சியையும் வளைத்துப் பார்த்தார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் முகம் வாடி உள்ளே விட்டார்.

முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். மாதேஷ் அடித்தான். ஈரச் சாக்கைத் தடியால் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

“என்னடா இது?”

“காய்ச்சணுங்க ஐயா. தோலு தொய்ஞ்சி கெடக்குது. நெருப்புல காட்டுனாதான் பேசும்.”

நெருப்பு! சிறைக்குள் தீக்குச்சி ஒன்று கிடந்தாலே எங்களுக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். வெயிலில் வை என்றேன். ஓசூர்ப் பக்கத்து வெயிலை நம்பி யாராவது எதையாவது காயவைப்பார்களா? நாலு நாளாகத் தூறல், மேகம், குளிர்காற்று. தோல் இன்னும் தொய்ந்துகொண்டே போனது. (இப்போது பிளாஸ்டிக் தோல் போட்ட பறை வந்துவிட்டது, நெருப்பே வேண்டாம் என்று கார்த்தி சொல்கிறான். அப்போது என் கண்ணில் அது படவில்லை. மாதேஷிடம் இருந்தது கன்றுத்தோல்.)

சிறைக்குள் நெருப்பு இருக்கும் ஒரே இடம் சமையல்கட்டு. சமையல் வேலைக்கு ஒதுக்கப்பட்ட கைதிகள் தவிர வேறு கைதி அதற்குள் கால் வைக்கக் கூடாது. சமையல்காரர்களிடம் கொடுத்தால் தோலைக் கருக்கிவிடுவார்கள் என்று மாதேஷ் கெஞ்சினான். கடைசியில் என்ன நடந்தது என்றால், தொப்பியும் பெல்ட்டுமாக நானே அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பறையைப் பிடித்தேன். மாதேஷ் வெளியே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று எனக்கு உத்தரவு போட்டான்.

“திருப்புங்க ஐயா, திருப்புங்க! ஒரே எடத்துல காட்டாதீங்க! ஓரம், ஓரம்! ஐயோ, பக்கத்துல கொண்டாராதீங்க, சுருண்டுக்கும்!”

“நீ வாயை மூடுறா, எனக்குத் தெரியும்!”

எனக்கு ஒன்றும் தெரியாது. சமையல் கைதிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். என் மீசையில் ஒரு பக்கம் பொசுங்கியது. அவன் விரலால் சுண்டச் சொன்னான், சுண்டினேன். ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ஒத்திகைக்கு முன்னால் பறை காய்ச்சுவது என் வேலையாகிப் போனது. என் பணிப் பதிவேட்டில் அது எங்கேயும் இல்லை.

குழு சேர்ந்தது. ஒரு பறை, மற்றவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டும் குவளையும். மாதேஷ் அடியைத் தொடங்கி வைப்பான்: இரண்டு நிதானமான அடி, பிறகு மூன்று விரட்டும் அடி. அதைக் கேட்டதும் தட்டுகள் சேர்ந்துகொள்ளும். பாடுவது சீனப்பா. லாரி ஓட்டுநர், தெலுங்குக்காரர், தொண்டை கணீரென்று இருக்கும். பாட்டை அவர்களே கட்டினார்கள். எல்லோரும் ஆளுக்கொரு வரி சொல்லி, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி உண்டாக்கிய பாட்டு.

கிட்டக் கேட்டா ஓசூரு, எட்டிப் பாத்தா பெங்களூரு,
நடுவுல ஒரு சுவரு, அதுக்குள்ள எங்க ஊரு.
கம்பெனி பஸ்ஸு போவுது பாரு,
எங்களுக்குக் கைகாட்ட ஆளு யாரு?

ஒத்திகை பார்த்த தங்கவேல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சுவருன்னு வர வேணாமில்ல, தம்பி? பெரியவர் மனசு கஷ்டப்படுமே?”

“சிறையில சுவரு இருக்கறது அவருக்குத் தெரியுங்களே ஐயா.”

“மரம்னு போடலாமில்ல?”

‘நடுவுல ஒரு மரம், அதுக்குள்ள எங்க ஊரு’ என்று சீனப்பா ஒருமுறை பாடிக் காட்டினார். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. கண்காணிப்பாளர் எழுந்து போய்விட்டார். சுவர் அப்படியே நின்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அடிதடி குறைந்தது. சாப்பிடாமல் மூலையில் கிடந்தவர்கள் தட்டு தட்டுவதற்காகவாவது எழுந்து வந்தார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கு முதல் நாள் மாலை. சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இனி ஆளை எண்ணி அறைக்குள் அனுப்பிப் பூட்ட வேண்டும். அதுதான் லாக்கப். பூட்டிவிட்டால் அதன் பிறகு வரும் விடுதலை உத்தரவுக்கு மறுநாள்தான் கதவு திறக்கும். அந்த நேரம் பார்த்து வாசலில் வக்கீல் குமாஸ்தா ஒருவரும் மஞ்சுளாவும் வந்து நின்றார்கள். மாதேஷுக்கு ஜாமீன் உத்தரவு.

மஞ்சுளா மாலூர்க்காரி, கன்னடம் கலந்த தமிழ். கம்பிக்கு வெளியே இருந்து மூச்சு விடாமல் பேசினாள். “அண்ணா, நாளைக்கி பெளிக்கே, காலைலயே, ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ல அவுரு ஏறணும் அண்ணா. இத்தன நாளு காண்ட்ராக்டர் கால்ல வுழுந்து எடத்த புடிச்சி வெச்சிருக்கேன். நாளைக்கி வர்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்னுட்டாரு. இது போனா ரூமையும் காலி பண்ணணும். நான் எங்க போறது, சொல்லுங்க?”

உத்தரவை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். மெதுவாக என்னைப் பார்த்தார்.

“லாக்கப் ஆயிடுச்சில்ல, தம்பி?”

ஜன்னலுக்கு வெளியே தட்டுக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்டது.

“இன்னும் ஆகலீங்க ஐயா.”

“ஆகுற நேரந்தானே?”

“ஆகலீங்க ஐயா.”

“பேருல ஏதோ பிழை மாதிரி இருக்குதில்ல?”

“சரியா இருக்குதுங்க. அப்பா பேரு, ஊரு, வழக்கு எண்ணு எல்லாம் பாத்துட்டேன். வேற வழக்கும் இல்லீங்க.”

“ஒரு ராத்திரிதானே, தம்பி? நாளைக்கு மத்தியானம் புரோகிராம் முடிஞ்சதும் மாலை போட்டே அனுப்பலாமில்ல? அவனுக்கும் பெருமைதானே?”

இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஒருவனுடைய சோற்றை ஒரு பாட்டுக்காகப் பறிப்பது, அதையும் கேள்வியாகவே கேட்பது! கத்தியிருந்தால் அன்றைக்கே என் மீது குற்றச்சாட்டு எழுதியிருப்பார், மாதேஷும் உள்ளேயே கிடந்திருப்பான். அதனால் நானும் அவர் பாஷையிலேயே கேட்டேன்.

“ஐயா, அந்தப் பொண்ணும் வக்கீல் குமாஸ்தாவும் வாசல்ல நின்னு நாம தட்டுக் கழுவறதைப் பாத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்குப் பெரியய்யா கார் வரும்போதும் அங்கயே நின்னா என்ன பண்ணலாங்க?”

அவர் பேனாவை எடுத்தார். நகத்தில் கிறுக்கினார். “எழுதலையே?” என்றார். என் சட்டைப் பையிலிருந்து என் பேனாவை எடுத்து நீட்டினேன். அதையும் நகத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மாதேஷைக் கூப்பிட்டு அங்க அடையாளம் சரிபார்த்தேன். வலது புருவத்துக்கு மேல் தழும்பு, இடது முழங்கையில் மச்சம். அவனுடைய சட்டை, செருப்பு, பர்ஸ், கடைசியாகப் பறை. ரேகை வைத்தான். வைத்துவிட்டு நகராமல் நின்றான்.

“ஐயா, நாளைக்கு ஆட்டம்?”

“ஆட்டமாவது பாட்டமாவது. போடா வெளியே.”

“பறைய மட்டுமாவது வுட்டுட்டுப் போறேங்க. சீனப்பாண்ணன் அடிச்சிக்குவாரு.”

கைதியின் சொந்தப் பொருள் கைதியோடு வெளியே போக வேண்டும். விடுதலையானவன் ஆசைப்பட்டுக் கொடுத்த பறை என்று உள்ளே வைத்துக்கொள்ள எந்த விதியும் இல்லை. ரஃபீக் அதைச் சொல்ல வாயைத் திறக்கும் முன் நானே சொன்னேன். மாதேஷ் உள்ளே தட்டோடு நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். யாரும் கைகாட்டவில்லை. அவன் போவதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் முகம் செத்துப்போயிருந்தது. உள்கதவு பூட்டியது, வெளிக்கதவு திறந்தது. மஞ்சுளா அவன் கையிலிருந்த பறையை முதலில் வாங்கிக்கொண்டாள், பிறகுதான் அழுதாள்.

மறுநாள் பெரிய அதிகாரி காலையில் வரவில்லை. எங்களைக் குளிப்பாட்டி நிறுத்திய பிள்ளைகள் மாதிரி காக்கவைத்து, மதியச் சாப்பாடு தாண்டித்தான் வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சீனப்பா எழுந்தார். தொண்டையைச் செருமினார். தட்டுகளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தொடங்கிவைக்க ஆள் இல்லை. யாரோ ஒருவன் தட்டைத் தட்டினான், இன்னொருவன் வேறு தாளத்தில் தட்டினான், இரண்டும் நின்றுபோயின. சீனப்பா முதல் வரியைத் தொடங்கிப் பாதியில் விட்டார். தங்கவேல் ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நேற்று விட்டிருக்கக் கூடாதில்ல, தம்பி? என்று அந்தப் பார்வை கேட்டது. சாகட்டும் என்று நானும் திருப்பிப் பார்த்தேன்.

அப்போது வெளியே ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கின. ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கியது. இன்னொன்று. மூன்றாவது பஸ் தடைக்கு முன்னால் வேகம் குறைந்து முனகியது. அந்த முனகலுக்கு நடுவே பஸ்ஸின் தகர உடம்பில் உள்ளங்கையால் ஓர் அடி விழுந்தது. இரண்டு நிதானமான அடி. பிறகு மூன்று விரட்டும் அடி.

மறுபடியும் அதே அடி, இன்னும் பலமாக.

“நம்ம மாதேஷு!” என்று யாரோ ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். அத்தனை தட்டும் ஒன்றாக இறங்கியது. சீனப்பா தொடங்கிய வேகத்தில் ஓசூர், பெங்களூரு எல்லாம் விட்டுவிட்டு நேராகக் கம்பெனி பஸ்ஸுக்கே போய்விட்டார். ‘கைகாட்ட ஆளு யாரு’ என்று கேட்கும் இடத்தில், உட்கார்ந்திருந்த கைதிகள் எல்லோரும் சுவரைப் பார்த்துக் கைகாட்டினார்கள். அதை யாரும் ஒத்திகையில் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சமையல்கட்டுப் புகை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

பெரிய அதிகாரி கைதட்டினார். வெளியே என்ன சத்தம் என்று கேட்டார். தங்கவேல் ஐயா என் பக்கம் திரும்பினார்.

“அதுவும் நம்ம புரோகிராம்தானே, தம்பி?”

“ஆமாங்க ஐயா” என்றேன்.

கார்த்தி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பிளாஸ்டிக் தோல் பறையே வாங்கிக்கொள், உன் மீசையாவது மிஞ்சும். எந்தப் பாட்டு, என்ன தாளம் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ மூக்கை நுழைக்காதே. நன்றாக அடிக்கிறவனுக்கு ஜாமீன் வந்தால், உன் கண்காணிப்பாளர் எத்தனை கேள்வி கேட்டாலும், கையில் ஒரு நல்ல பேனாவோடு போய் நில்.

அன்று மாலை லாக்கப்பில் நானே எண்ணினேன். ஆள் கணக்கு சரியாக இருந்தது. மாதேஷ் அதில் இல்லை.